மிச்சமிருந்த பாத்திரம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
நாற்பத்தியொரு டேங்கர் எண்ணினேன்.
மணலி எண்ணெய்.
கடைசியில் கார்டு பெட்டி,
பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பல் குத்தியபடி போனார் ஒருவர்.
கேட் திறந்த பிறகும்
ஆட்டோவும் ஆட்டோவும் மூக்கு முட்டிக்கொண்டு
பத்து நிமிஷம்.

பி.ஏ. ஆங்கிலம், முதல் வருஷம், இரண்டாம் ஷிஃப்ட்.
நான் நுழையும்போது
அரண்மனை காலியாகியிருந்தது.
டில்லிபாபு அரசன்.
ஜெனிட்டா அரசி.
சூழ்ச்சிக்காரனை முபீனா கேட்டு வாங்கியிருந்தாள்.
பேய்கூடப் போய்விட்டது
கடைசி பெஞ்சு ரூபஸுக்கு.
"தூதன் இருக்கு, எடுத்துக்கோ" என்றார் மேடம்.
கௌரவ விரிவுரையாளர்;
மூன்று மாதமாய்ச் சம்பளம் வரவில்லை,
கௌரவம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எனக்கு நாலு வரி.
நானூறு வருஷம் முன்னால் செத்துப்போன ஆள் எழுதியது.
வரிக்குப் பத்து அசை,
லேசாய் ஒன்று, அழுத்தி ஒன்று என்று
மேசையில் தட்டிக் காட்டினார்.
பக்கத்து அறையில் காமர்ஸ் பசங்க
அதைவிட நன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜெராக்ஸ் எடுத்த கைடில் தேடினேன்.
அரசனின் குணநலன், பத்து மதிப்பெண்.
சூழ்ச்சிக்காரனுக்கு ஐந்து.
பேய்க்குச் சிறுகுறிப்பு.
தூதனுக்குப் பெயர்கூட இல்லை.

அரசே, உன் இளையவன் இனி வரமாட்டான்.
சங்கதி அவ்வளவுதான்.
அதைச் சொல்ல அவனுக்கு
ஓர் ஆற்றங்கரை, ஒரு குதிரை,
ஈட்டி முனையில் கொஞ்சம் சாயங்கால வெயில்
எல்லாம் கொடுத்தனுப்பியிருந்தான் எழுதியவன்.

எனக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை,
போன கார்த்திகையில்
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் சாய்ந்தபோது.
"நீதான் காலேஜ் போற, நீ போய் சொல்லு" என்றார்கள்.
தண்ணி லாரிகிட்ட நின்றிருந்தது பவுனு அக்கா.
மூன்று குடம், ஒரு நீல டிரம்.
"அக்கா, லோகு அண்ணன் வண்டி..."
"வண்டிக்கு இன்னா? ஓனரு சம்பளத்துல புட்ச்சிக்குவானே."
எனக்கு இரண்டாவது வாக்கியம் தெரியவில்லை.
குடம் வழிந்து
என் செருப்புக்குள் வந்தது தண்ணீர்.
"அத்த கொஞ்சம் நவுத்து."
நகர்த்தினேன்.
அடுத்த குடத்தையும் வைத்தேன்.
அது பாதி நிறைந்தபோது சொன்னேன்.
எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை
ஞாபகத்தில் இல்லை.
எத்தனை அசை என்றும்.

அதனால்தானோ என்னவோ
எனக்கு அந்தத் தூதன்மேல் பொறாமை.
ஓடி வந்தவன் மூச்சுகூட வாங்காமல்
எண்ணி எண்ணிப் பேசுகிறான்.

வகுப்பில் குதிரைவரைக்கும் சரியாய் வந்தேன்.
ஈட்டியில் தடுக்கியது.
"மீட்டர் போச்சு. மறுபடி."
மறுபடி.
மறுபடி.
டில்லிபாபு நாற்பது வரி அழுதான்.
பழைய இங்கிலீஷில் 'நீ' என்பதை
'தோ' 'தோ' என்று படித்து
நாய்க்குட்டியைக் கூப்பிடுகிறானா என்று
மொத்த வகுப்பும் சிரித்தது.
நான் நின்றுகொண்டிருந்தேன்.
தூதன் எப்போது வெளியே போகிறான் என்று
அச்சில் இல்லை.
"மேடம், நான் உக்காரலாமா?"
பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
"தெரியலையேப்பா" என்றார்,
நிஜமாகவே தெரியாத குரலில்.

சாயங்காலம் மறுபடி கேட் மூடியிருந்தது.
அந்தப் பக்கம் பவுனு அக்கா,
எக்ஸ்போர்ட் கம்பெனி அட்டை கழுத்தில்.
இப்போதெல்லாம் என்னைக் கண்டால்
முதலில் முகத்தைப் பார்க்கும்.
அப்புறம் கையை.
ஒன்றுமில்லை அக்கா என்று
புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.
தலையாட்டியதா என்று பார்ப்பதற்குள்
குறுக்கே வந்துவிட்டது ரயில்.
காலி டேங்கர்கள்.
சத்தம் அதிகம்.